போர்ட் லூயி நகரில் தமிழ்ச் சுவடுகள்

கிழக்கு ஆபிரிக்காவின் தலைநகர்கள் என்றவுடன் நைரோபி, கம்பாலா, அடிஸ் அபாபா என்னும் பெயர்களே நம் மாணவர் நாவில் முதலில் வரும். அவற்றுள் நைரோபி, மொம்பாசாத் துறைமுகத்திலிருந்து 1896ஆம் ஆண்டில் இடத் தொடங்கிய புகையிரதப் பாதை 1899இல் வந்தடைந்த ஒரு தங்கலிடமாகப் பிறந்த நகரம். அப்பாதையை இட்ட தொழிலாளருட் பெரும்பாலோர் பஞ்சாப் முதலிய வடவிந்திய நிலங்களிலிருந்து சென்றவர். தமிழர் வரலாற்றோடு நெருங்கிய தொடர்புடைய தலைநகரோ வேறொன்று. மடகஸ்கருக்குக் கிழக்கே, இந்து சமுத்திரத்தின் நடுவே கிடக்கும் மொரீசியசுத் தீவின் தலைநகராகிய போர்ட் லூயியே அது. ஐக்கிய நாடுகள் அவை தன் புவியியற் பகுப்பில் அத்தீவைக் கிழக்கு ஆபிரிக்க நாடுகளுள் ஒன்றாகவே வைத்துள்ளது.

இந்நகரைக் காணச் செல்லும் தமிழன் ஒருவன் துறைமுகத்தில் நடக்கத் தொடங்கினால், அரை நாளில் நகரின் மறுபுறத்துள்ள கோவிலைச் சென்றடையலாம். அவ்வழியிலே ஏறக்குறைய முந்நூறு ஆண்டுத் தமிழர் வாழ்வின் சுவடுகள் கிடக்கின்றன. உழைப்பின் சுவடு கட்டடத்தில் உண்டு. உணவின் சுவடு சந்தையில் உண்டு. வழிபாட்டின் சுவடு கோவிலில் உண்டு. எழுத்தின் சுவடு நாணயத்தாளில் உண்டு. வீட்டுப் பேச்சில் மட்டும் தமிழ் அருகிவிட்டது. இத்துணையும் நிற்கப் பேச்சு மட்டும் நீங்கியது எவ்வாறு என்பதை அந்நகர வீதிகளின் வழியே ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நகரின் அமைப்பும் செல்லும் வழியும்

விமானத்தில் வருவோர் தீவின் தென்கிழக்கிலுள்ள பிளேசான்சு என்னுமிடத்தில் இறங்குவர். தலைநகரோ வடமேற்குக் கரையில் உளது. எனவே தீவைக் குறுக்கே கடந்துதான் நகரை அடைதல் வேண்டும். இவ்வமைப்புக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. ஆண்டின் பெரும்பகுதியும் அத்தீவின்மேல் வீசுவது தென்கிழக்குத் தடக்காற்று. தென்கிழக்குக் கரையிலுள்ள துறையிற் புகுந்த பாய்க்கப்பல்கள் எதிர்க்காற்றில் வெளியேற இயலாது வருந்தின. வடமேற்குத் துறையோ மலைகளால் மறைக்கப்பட்டுக் காற்றின் கொடுமைக்குத் தப்பியது. ஆதலினாலேதான் பிரெஞ்சுக்காரர் தம் தலைமை நிலையத்தை அங்கே நாட்டினர்.

நகருக்குப் பின்னே மலைகள் அரைவட்டமாக நிற்கின்றன. அவற்றுள் ஒன்று நிமிர்த்திய பெருவிரல் போலத் தோன்றுதலின் பிரெஞ்சு மொழியில் அப்பெயராலேயே வழங்கும். அதன் உயரம் 812 மீற்றர். 1836ஆம் ஆண்டில் ‘பீகிள்’ என்னுங் கப்பலில் வந்த சாள்ஸ் டார்வின் அம்மலைமீது ஏறி நகரை நோக்கினார். அத்துணை முயற்சியில்லாதார்க்கு 1834இல் தொடங்கி 1840இல் முடிக்கப்பெற்ற அடிலெயிட் கோட்டை போதும். நகரின் நடுவே குன்றொன்றின்மேல் நிற்கும் அக்கோட்டையிலிருந்து துறைமுகம், நேர்கோடாக ஓடும் வீதிகள், 1812 முதல் குதிரைப் பந்தயம் நடைபெற்றுவரும் சாம் தெ மார்ஸ் திடல் ஆகிய யாவும் தெரியும். 1968ஆம் ஆண்டு மார்ச்சு 12ஆம் நாள் சுதந்திர மொரீசியசின் கொடி முதன்முதல் ஏற்றப்பெற்றது அத்திடலிலேயே.

நகரின் உட்பகுதி சிறியது. நடந்து காண்பதற்கே ஏற்றது. மலைகள் காற்றை மறைத்தலால் வெப்பம் மிகுதி. எனவே காலைப்பொழுதே நன்று. வாகனங்கள் நம் நாட்டிற்போல இடப்புறமே செல்லும். பஸ் நிலையங்கள் இரண்டு. உயர்நிலத்துக்கும் தெற்குக்கும் செல்வோர் விக்டோரியா நிலையத்திலும், வடக்கே செல்வோர் குடிவரவுச் சதுக்கம் எனப் பெயரிய நிலையத்திலும் பஸ் ஏறுவர். இவ்விரு பெயர்களிலும் வரலாறு பொதிந்துள்ளமையைப் பின்னர்க் காண்பாம்.

கட்டிய கைகள்

1598இல் ஒல்லாந்தர் அத்தீவிற் கால்வைத்துத் தம் இளவரசன் மொரிசின் பெயரை அதற்கு இட்டனர். பதினேழாம் நூற்றாண்டில் இருமுறை குடியேறிய அவர்கள் 1710இல் அதை முற்றாகக் கைவிட்டுச் சென்றனர். 1715இல் பிரெஞ்சுக்காரர் உரிமைகொண்டு பிரான்சுத் தீவு எனப் பெயர் மாற்றினர். தம் அரசன் பதினைந்தாம் லூயியின் பெயரால் துறைமுகம் போர்ட் லூயி ஆயிற்று. எனினும் 1735இல் மாஏ தெ லா பூர்தொன்னே ஆளுநராக வந்த பின்னரே அது நகரென்று சொல்லத்தக்க உருவம் பெற்றது. கப்பற்றுறை, பண்டசாலை, மருத்துவமனை, நீர்க்கால்வாய், ஆளுநர் மாளிகை எனப் பலவற்றை எழுப்ப அவர் எண்ணினார். எண்ணம் அவருடையது, கட்டும் கைகளுக்கு எங்கே போவது?

கைகள் இரு திசைகளிலிருந்து வந்தன. மடகஸ்கரிலிருந்தும் ஆபிரிக்கக் கரையிலிருந்தும் அடிமைகள் பெருந்தொகையாகக் கொணரப்பட்டனர். தச்சு, கொல்லு, கல்வேலை முதலிய தொழில்களிற் பயின்றோர் பிரெஞ்சுக்காரரின் ஆட்சியிலிருந்த புதுச்சேரியிலிருந்து ஒப்பந்தம் பேசி வரவழைக்கப்பட்டனர். இன்று கடற்கரையிலிருந்து இருமருங்கும் பனையினமரங்கள் நிற்கும் அகன்ற சதுக்கத்தின் வழியே ஆளுநர் மாளிகையை நோக்கிச் செல்பவன், சதுக்கத்தின் தலைப்பிலே 1859இல் நாட்டப்பெற்ற லா பூர்தொன்னேயின் சிலையைக் காண்பான். கல் அடுக்கியவர்க்கும் மரம் இழைத்தவர்க்கும் அங்கே சிலை இல்லை. சிலையில் நிற்கும் அவரே 1746இல் அத்துறைமுகத்திலிருந்து கப்பற்படை கொண்டு சென்று, நாகபட்டினத்துக்கு அப்பாற் கடலில் ஆங்கிலேயரோடு பொருது, அவ்வாண்டிலேயே சென்னைப்பட்டினத்தைக் கைப்பற்றினார் என்பதை நினைத்தால், அந்நகரும் சோழமண்டலக் கரையும் அக்காலத்தில் எத்துணை நெருங்கியிருந்தன என்பது விளங்கும்.

ஈண்டு ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. அக்காலத்தில் அங்கு சென்ற தமிழர் யாவரும் கூலி பேசிச் சென்ற கைவினைஞர் அல்லர். இந்தியக் கரைகளிலிருந்து அடிமைகளாக விற்கப்பட்டுச் சென்றோரும் உளர். சுதந்திரராய் வாழ்ந்த இந்தியருள்ளும் அடிமைகளை உடையோராய் இருந்தவர் உண்டு. பெருமையை மட்டுமே தேர்ந்தெடுத்துச் சொல்வது வரலாறாகாது.

மலபார் முகாம்

கைவினைஞர்க்கும் அவர்பின் வந்த வணிகர்க்கும் நகரின் கிழக்குப் புறத்தே தனி இடம் வகுக்கப்பட்டது. அதன் பெயர் மலபார் முகாம். மலபார் எனினும் அவர்கள் மலையாள நாட்டினர் அல்லர். ஐரோப்பியர் முதலில் மேலைக்கரையில் இறங்கிய காரணத்தால், அக்கரையின் பெயரையே தமிழர் எல்லார்க்கும் இட்டு வழங்கினர். இப்பெயர் நம்மையும் விட்டதில்லை. 1707இல் ஒல்லாந்தர் காலத்திலே தொகுக்கப்பெற்ற நம் தேசவழமைச் சட்டம், ஆங்கிலேயர் ஏடுகளில் யாழ்ப்பாண மாகாணத்து மலபார்க் குடிகளின் வழமை என்றே குறிக்கப்பட்டது. இரு தீவுகளில் வாழ்ந்த தமிழர்க்கு அந்நியர் இட்ட பெயர் ஒன்றாயிற்று. யாழ்ப்பாணத்தார் மலபார் என்னும் பெயரைக் கழித்துத் தமிழர் என்பதைத் தக்கவைத்துக் கொண்டனர். மொரீசியசிலோ வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. அதனை உரிய இடத்தில் கூறுவாம்.

1768 முதல் 1770 வரை அத்தீவில் தங்கியிருந்த பெர்னார்தென் தெ சென் பியர் என்னும் பிரெஞ்சு எழுத்தாளர், அவர்களைப் புதுச்சேரியிலிருந்து வந்த சாந்தமான மக்கள் என்றும், ஏறக்குறைய எல்லாரும் தொழிலாளர் என்றும் தம் பிரயாண நூலிற் குறித்துள்ளார். சிலர் வணிகத்தாற் செல்வராயினர். பிற்காலத்தில் கரும்புத் தோட்ட உரிமையாளராயினாரும் உளர். கத்தோலிக்க சமயத்தைத் தழுவிப் பிரெஞ்சுப் பெயர்களை ஏற்றோர் பலர். அத்தகையோரின் வழியினர் இரண்டு மூன்று தலைமுறைக்குள் நகரத்துக் கிரியோல் மக்களோடு ஒன்றாயினர். ஆகவே ஆங்கிலேயர் 1810ஆம் ஆண்டு திசெம்பரில் தீவைக் கைப்பற்றியபோது, அங்கே ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு பழைமையுடைய தமிழ்க் குடியிருப்பு ஒன்று இருந்தது. எனினும் அதன் ஒரு பகுதி அப்பொழுதே கரையத் தொடங்கியிருந்தது.

பதினாறு படிகள்

துறைமுகத்தின் ஓரமாகச் சிறிது நடந்தால், குடிவரவுச் சதுக்கப் பஸ் நிலையத்தின் அருகே பழைய கற்சுவர்கள் சில தோன்றும். கடலிலிருந்து ஏறிய பதினாறு கற்படிகளும் அங்கே உள. இவ்விடமே முன்னாளில் கூலிப் படித்துறை எனப்பட்டு, இன்று ஆப்பிரவாசி காட் என வழங்கும் குடிவரவு நிலையம். அதில் எஞ்சியிருப்பது 1640 சதுர மீற்றர் அளவான நிலமே. 2006இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமை இடமாக ஏற்றுக்கொண்டது.

1835ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாம் நாள் மொரீசியசில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. அந்நாளை எதிர்நோக்கிய தோட்டக்காரர் முன்னரே வேறு கைகளைத் தேடலாயினர். 1834ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் ‘அட்லஸ்’ என்னுங் கப்பலில் கல்கத்தாவிலிருந்து 36 பேர் ஒப்பந்தக் கூலிகளாக வந்திறங்கினர். அடிமைக்குப் பதிலாக ஒப்பந்தக் கூலியைக் கொண்டு தோட்டம் நடத்த இயலுமா என்பதை ஆங்கில அரசு அத்தீவிலேயே பரீட்சித்தது. அப்பரீட்சை தோட்டக்காரர்க்கு வெற்றியாயிற்று. கயானா, திரினிதாது, நாட்டால், பீஜி என்னும் நாடுகளுக்கும் பின்னர் அம்முறை பரவியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை மொரீசியசுக்கு வந்தோர் நான்கரை இலட்சத்துக்கு மேற்பட்டவர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் சென்னை மாகாணத் துறைகளின் வழியே சென்றவர். தமிழரும் தெலுங்கருமே அவர்களுட் பெரும்பாலோர்.

கப்பலினின்று இறங்கியவர் இரண்டு நாளேனும் அந்நிலையத்திற் தங்கினர். ஒவ்வொருவர்க்கும் ஓர் இலக்கம் இடப்பட்டது. பெயர், தந்தை பெயர், ஊர், சாதி, வயது முதலியன பேரேட்டில் பதியப்பட்டன. பதிந்தவரோ தமிழ் அறியாதவர். காதில் விழுந்தவாறே அவர் எழுதிய எழுத்து, பின் ஒரு குடும்பத்தின் நிலையான பெயராயிற்று. தந்தையின் முதற்பெயரை மகன் ஏற்கும் நம் வழக்கம் அங்கே நின்றது. முதல்வன் ஒருவன் பெயரே வழிவழியாகக் குடும்பப் பெயராகிவிட்டது. இன்று தம் முன்னோரின் ஊரைத் தேடும் மொரீசியசுத் தமிழர், மோக்கா என்னுமிடத்திலுள்ள மகாத்மா காந்தி நிறுவகத்திற் பேணப்படும் அப்பேரேடுகளையே நாடுகின்றனர். இலக்கம் கிடைத்தால் ஊர் கிடைக்கும். இலக்கம் அறியாதவர்க்குத் தேடுதல் அரிது.

இலங்கையருக்கும் அத்தீவில் ஒரு துயர நினைவு உண்டு. 1817–18ஆம் ஆண்டுக் கண்டிக் கிளர்ச்சியின் பின் ஆங்கிலேயர் கண்டியர் சிலரை அங்கு நாடுகடத்தினர். கண்டி அரசின் முதல் அதிகாரியாயிருந்த எகலப்பொல 1825இல் அனுப்பப்பட்டு 1829இல் அங்கேயே உயிர்நீத்தார். நகருக்கு வடக்கே, பம்பிள்மூசு வட்டாரத்தில் அவரது கல்லறை உளது. வடக்கே செல்லும் பஸ்சில் ஏறும் இலங்கைப் பிரயாணி அதனையும் கண்டு வரலாம்.

வீதியும் புகையிரதமும்

1815 முதல் 1837 வரை வங்காளத்திலிருந்தும் பம்பாயிலிருந்தும் சிறிதளவு இலங்கையிலிருந்தும் தண்டனை பெற்ற குற்றவாளிகள் மொரீசியசுக்கு அனுப்பப்பட்டனர். நகரிலிருந்து புறப்படும் வீதிகளும் பாலங்களும் அவர்கள் உழைப்பால் எழுந்தவை பல. டார்வின் வந்தபோது அவர்கள் ஏறத்தாழ 800 பேர் இருந்தனர் என அவரே குறித்துள்ளார்.

1864ஆம் ஆண்டில் வடக்குப் புகையிரதப் பாதையும், 1865இல் உயர்நிலத்துக்கு ஏறும் நடுப்பாதையும் திறக்கப்பட்டன. நம் நாட்டில் கொழும்பு–அம்பேபுசைப் பாதை திறக்கப்பட்டதும் 1865இலேயே. இரு தீவிலும் புகையிரதம் தோட்டப்பயிரின் பொருட்டே வந்தது. அங்கே சர்க்கரை, இங்கே கோப்பி. எனினும் போர்ட் லூயியில் அது எதிர்பாராத விளைவொன்றைத் தந்தது. 1866 முதல் 1868 வரை மலேரியாக் காய்ச்சல் தீவெங்கும் பரவி நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொன்றது. தலைநகரே பேரழிவுக்கு உள்ளாயிற்று. வசதியுடையோர் புதிய புகையிரதத்தில் ஏறிக் குளிர்ந்த உயர்நிலத்துக் கியூர்ப்பிப் முதலிய ஊர்களிற் குடியேறினர். பகலில் அலுவலுக்காக நகருக்கு வருதலும் மாலையில் மேல்நிலத்துக்குத் திரும்புதலும் வழக்கமாயின. அவ்வழக்கம் இன்றுவரை மாறவில்லை. காலையில் மக்கள் வெள்ளம் பாயும் வீதிகள் மாலையில் வெறிச்சோடுவதைக் கண்டு வியக்கும் பிரயாணி, அது 1867ஆம் ஆண்டுக் காய்ச்சலின் எச்சம் என்பதை அறிதல் வேண்டும்.

பிரயாணிப் புகையிரதம் 1956இல் நிறுத்தப்பட்டது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் மக்கள் பஸ்களையே நம்பினர். பின்னர் இந்திய அரசின் உதவியோடு மின்சார மெட்ரோப் பாதை அமைக்கப்பெற்று, 2019ஆம் ஆண்டு அக்டோபரில் தொடக்க விழாக் கண்டது. 2022இல் கியூர்ப்பிப்வரை நீண்டது. தலைநகரில் அதன் நிலையங்களுள் ஒன்று விக்டோரியா. மற்றொன்றின் பெயர் ஆப்பிரவாசி காட். முதலாவது ஆண்ட அரசியின் பெயர். இரண்டாவது வந்திறங்கிய கூலிகளின் பெயர். ஒரு காலத்திற் சொல்லக் கூசிய பெயர், இன்று நிலையப் பலகையில் மதிப்போடு எழுதப்பட்டுள்ளது.

சந்தையிற் கேட்கும் சொற்கள்

துறைமுகத்துக்கு அண்மையில் மத்திய சந்தை உளது. அதனுட் புகும் யாழ்ப்பாணத்தான் ஒருவனுக்குக் காய்கறி வரிசைகள் திருநெல்வேலிச் சந்தையை நினைவூட்டும். விற்போரும் வாங்குவோரும் பேசுவது கிரியோல். பிரெஞ்சுச் சொற்களை அடியாகக் கொண்டு அடிமைகளின் நாவிற் பிறந்த மொழி. ஆயினும் அம்மொழியினுள்ளே நம் சொற்கள் ஒளிந்திருக்கின்றன. முருங்கையை அவர்கள் ‘மூரூம்’ என்பர். பீர்க்கங்காய் ‘பிப்பங்காய்’ ஆயிற்று. கறிவேப்பிலை ‘கறிப்புலே’ எனக் குறுகிற்று. இரசம் ‘இரசோன்’ என மூக்கொலி பெற்றது. கடலைப்பருப்பை அரைத்து மிளகாய் இட்டுப் பொரிக்கும் வடை, ‘மிளகாய்ப் பலகாரம்’ என்னும் பொருளுடைய பிரெஞ்சுப் பெயரால் வீதியோரங்களிலெல்லாம் விற்கப்படுகிறது. உண்பவர் எவ்வினத்தவராயினும் அது அவர்தம் காலையுணவு.

இச்சொற்களை வழங்குவோருட் பலர் அவை தமிழ் என்பதை அறியார். மொழி ஒன்று ஒரு நாட்டினின்று நீங்கும்போது இறுதிவரை எஞ்சுவன எவை என்பதற்கு இச்சந்தை சான்று. அரசியற் சொல் போகும். கல்விச் சொல் போகும். உறவுச் சொல்லும் மெல்ல மெல்லப் போகும். அடுக்களைச் சொல் நிற்கும்.

கோவிலும் காவடியும்

சந்தையிலிருந்து வடகிழக்கே சென்றால் அபர்குரோம்பிப் பகுதியில் சொக்கலிங்கம் மீனாட்சியம்மன் கோவிலை அடையலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுந்த அக்கோவிலை மக்கள் கயிலாசம் என்னும் பெயராலும் வழங்குவர். மதுரையம்பதியின் இறைவனும் இறைவியும் இந்து சமுத்திரத்தின் நடுவே அமர்ந்திருக்கும் காட்சியைக் காணும் சைவன் உள்ளம் உருகாதிருப்பது அரிது.

தைப்பூசம் அந்நாட்டில் அரசாங்க விடுமுறை நாள். காவடி எடுப்போர் நோன்பிருந்து, உடலில் வேல் குத்தி, வெயிலில் நெடுந்தூரம் நடப்பர். தமிழரேயன்றிப் பிற இனத்தவரும் நேர்த்தி வைத்துக் காவடி எடுப்பதுண்டு. வழிபாடு முடிந்தபின் வாழையிலையில் பலவகைக் கறிகளோடு சோறு படைக்கப்படும். இவை யாவும் நம் மாவிட்டபுரத்தையோ நல்லூரையோ நினைவூட்டும். ஆயினும் பாடுவோர் சிலரின் கையிலுள்ள தாளை உற்று நோக்கினால், தமிழ்ப் பாடல் உரோமன் எழுத்தில் எழுதப்பட்டிருத்தலைக் காணலாம். நாவில் ஒலி உண்டு. கண்ணுக்கு எழுத்துத் தெரியாது. பொருளை மற்றொருவர் கிரியோலிற் சொல்லல் வேண்டும்.

முன்னர்க் கூறுவாம் என்ற மாற்றம் இதுவே. மொரீசியசு நாட்டு மக்கட்கணிப்பில் ‘தமிழ்’ என்பது ஒரு சமயத்தின் பெயராகவும் பதியப்படுகிறது. உன் சமயம் யாதெனின் ‘தமிழ்’ என்று விடையளிப்போர் அங்கே பல்லாயிரவர். வீட்டில் என்ன மொழி பேசுகின்றாய் எனின், அவருட் பெரும்பாலோரின் விடை கிரியோல் என்பதே. மலபார் என்று அந்நியர் இட்ட பெயரை அவர்களும் நீக்கினர். தமிழ் என்னும் பெயரை நிலைநாட்டினர். ஆனால் பெயர் மொழியினின்று பெயர்ந்து வழிபாட்டுக்குச் சென்றுவிட்டது. சைவத்தையும் தமிழையும் இரு கண்களாகச் சொல்லிப் பழகிய யாழ்ப்பாணத்தார்க்கு இது புதிய சிந்தனையைத் தரவல்லது. ஒரு கண் மங்கியபோது மற்றைக் கண் அதன் பெயரையும் தானே தாங்கிக் கொண்டது.

நாணயத்தாள்

பஸ்சுக்கோ சந்தைக்கோ கொடுக்கப் பணப்பையைத் திறக்கும் தமிழ்ப் பிரயாணி ஒருகணம் வியந்து நிற்பான். அந்நாட்டு நாணயத்தாளில் ஆங்கிலத்தோடு தமிழும் இந்தியும் உள. தமிழ் எழுத்து மட்டுமன்றித் தமிழ் இலக்கமும் அச்சிடப்பட்டுள்ளது. நம் இலங்கை நாணயத்தாளில் தமிழ் எழுத்து உண்டு. தமிழ் இலக்கம் இல்லை. தமிழ் இலக்கத்தைப் பள்ளிப் புத்தகத்தில் மட்டுமே கண்ட நம் மாணவன், அது வாங்கவும் விற்கவும் பயன்படும் தாளில் இருத்தலை அங்கே காண்பான். நூறு ரூபாத் தாளில், 1910 முதல் 1958 வரை வாழ்ந்த சட்டத்தரணியும் அரசியல்வாதியுமாகிய ரெங்கநாதன் சீனிவாசனின் உருவம் பொறிக்கப்பட்டுள்ளது.

1998இல் வெளிவந்த புதிய தாள்களில் தமிழுக்கு முன்னே இந்தி வைக்கப்பட்டது. முன்னைய தாள்களில் தமிழே முன்நின்றதாகலின் தமிழர் கிளர்ந்தெழுந்தனர். ஈற்றில் அத்தாள்கள் மீளப்பெறப்பட்டுப் பழைய வரிசையிற் புதிய தாள்கள் அச்சிடப்பட்டன. அத்தாளை வாசிக்கவல்லார் அக்கிளர்ச்சி செய்தாருள் எத்தனை பேர் என்று வினவி நகைத்தல் எளிது. அது நேர்மையான நகைப்பன்று. பேச்சை இழந்தவன் எழுத்தையும் இழக்கச் சம்மதித்தல் வேண்டும் என்பது எந்த நீதி? கையில் எஞ்சிய ஒன்றை ஒருவன் இறுகப் பற்றுதல் இயல்பே.

பேச்சு நீங்கிய காரணம்

இனிக் காரணங்களைத் தொகுத்து நோக்குவாம். முதலாவது, வழி அறுந்தமை. ஒப்பந்தக் கூலிகளுள் ஒரு பகுதியினர் ஊர் திரும்பினர். தங்கியவர்க்கோ ஊரோடு போக்குவரத்து இல்லை. கடிதம் எழுத அறிந்தோர் சிலர்; எழுதினும் கொண்டு கொடுப்பார் அரியர். நம் ஊர்களிலிருந்து மலாயாவுக்குச் சென்றவர் நிலை வேறு. அவர்கள் ஆங்கிலங் கற்றுப் புகையிரதத்திலும் கந்தோரிலும் உத்தியோகம் பார்த்தவர். மாதந்தோறும் பணமும் கடிதமும் அனுப்பினர். பெண் கொள்ள ஊருக்கு வந்தனர். பென்சனோடு திரும்பிச் சண்டிலிப்பாயிலும் மானிப்பாயிலும் கல்வீடு கட்டினர். கூலிக்கும் கிளாக்கருக்கும் இடையேயிருந்த இவ்வேற்றுமையே மொழியின் வாழ்வையும் தாழ்வையும் பெரிதும் வகுத்தது.

இரண்டாவது, தோட்டங்களிற் கலந்து வாழ்ந்தமை. தமிழர் பக்கத்தில் தெலுங்கர், மராத்தியர், அவர் எல்லாரினும் பெருந்தொகையினராய போஜ்புரி பேசுவோர் வாழ்ந்தனர். எல்லார்க்கும் பொதுவாக ஒரு மொழி தேவைப்பட்டது. கிரியோல் அத்தேவையை நிறைவேற்றியது.

மூன்றாவது, பள்ளி. காந்தியடிகள் தென்னாபிரிக்காவிலிருந்து தாய்நாடு திரும்பும் வழியில் 1901ஆம் ஆண்டு அக்டோபர் இறுதி முதல் நவம்பர் நடுப்பகுதிவரை மொரீசியசிற் தங்கினார். பிள்ளைகளைக் கல்வியிற் புகுத்துமாறு அங்குள்ள இந்தியர்க்கு அறிவுறுத்தினார். அக்கல்வியே அவர்களை உயர்த்தியது என்பதில் ஐயமில்லை. ஆனால் உயர்த்திய கல்வி ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருந்தது. தமிழ் பள்ளியில் ஒரு பாடமாக இடம்பெற்றபோது, வீட்டில் அதைப் பேசுவோர் அருகிவிட்டனர். வீட்டில் இல்லாத மொழியைப் பள்ளி முற்றாக மீட்டல் அரிது. ஆயினும் அவர்கள் முயற்சியைக் கைவிட்டிலர். 1970இல் அடிக்கல் நாட்டப்பெற்ற மகாத்மா காந்தி நிறுவகத்தில் தமிழ் கற்பிக்கப்படுகிறது. 1974இல் யாழ்ப்பாணத்தில் நான்காவதாக நடைபெற்ற அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாடு, 1989இல் ஏழாவதாக மொரீசியசிலேயே கூடிற்று.

நமக்கு உரியது யாது?

சண்டிலிப்பாய் போன்ற சிற்றூரில் வாழும் ஆசிரியனுக்கு இவ்வாராய்ச்சி வெறும் ஏட்டறிவன்று. 1983க்குப் பின் நம் ஊர்களின் பாதி வீடுகளேனும் கனடாவிலும் இங்கிலாந்திலும் பிரான்சிலும் கிளைவிட்டுள்ளன. கோடை விடுமுறையில் கோவில் திருவிழாவுக்கு வரும் பேரப்பிள்ளைகள் பட்டுடுத்துக் காவடியும் எடுக்கின்றனர். கற்பூரத் தட்டைக் கண்ணில் ஒற்றுகின்றனர். ஆச்சி கேட்கும் கேள்விக்குத் தாயின் முகத்தைப் பார்க்கின்றனர். வழிபாடு இருக்கின்றது, எனவே மொழியும் இருக்கும் என்று நாம் ஆறுதல் கொள்கின்றோம். போர்ட் லூயி நகரம் அவ்வாறுதலை மறுக்கின்றது. கோவில் தமிழரின் பெயரைக் காக்கும். சமையலறை சில சொற்களைக் காக்கும். அரசு இசைந்தால் நாணயத்தாள் எழுத்தைக் காக்கும். பேச்சைக் காப்பது தாயும் தந்தையும் பிள்ளையோடு நாள்தோறும் பேசும் பேச்சு ஒன்றே.

மொரீசியசுக்குச் சென்ற கூலிக்கு இல்லாத வசதிகள் யாவும் இன்று நம்மவர்க்கு உண்டு. கடிதம் செல்ல மாதங்கள் வேண்டியதில்லை, முகம் பார்த்துப் பேசலாம், ஆண்டுக்கொருமுறை வந்துபோகலாம். அவன் வழி அறுந்தது அவன் விருப்பத்தாலன்று. நம் வழி இன்னும் அறுபடவில்லை. ஆகவே இக்கல்லூரியிலிருந்து புறநாடு செல்லும் மாணவர் இரு கடமைகளை மேற்கொள்ளல் வேண்டும். ஒன்று, தம் குடும்பத்தில் எவர், எவ்வாண்டில், எவ்வூரிலிருந்து, எவ்வழியாகச் சென்றார் என்பதைத் தமிழில் எழுதி வைத்தல். பிறன் எழுதிய பேரேட்டில் இலக்கம் தேடி அலையும் நிலை நம் வழியினர்க்கு வரலாகாது. மற்றொன்று, வீட்டு வாயிலுக்கு உள்ளே தமிழன்றி வேறு பேசாதிருத்தல்.

கிழக்கு ஆபிரிக்கப் பக்கம் செல்லும் வாய்ப்புப் பெற்றோர் போர்ட் லூயியில் ஒரு நாளேனும் தங்குக. காலையிற் படித்துறையின் பதினாறு படிகளைக் காண்க, சந்தையின் ஊடே நடக்க, கயிலாசத்தை வழிபடுக. அங்கே நம்மைப் போன்ற முகத்தோடு எதிர்ப்படுவாரிடம் தமிழில் வணக்கம் சொல்லின், பெரும்பாலும் தமிழிலேயே வணக்கம் மீளும். அதற்கு மேலும் பேச்சு நீள வேண்டுமாயின், அவர்கள் பக்கத்து முயற்சி ஏற்கெனவே நடைபெறுகின்றது. ஆசிரியராகவும் நூலாகவும் நாம் அளிக்கக்கூடிய துணை யாதென்பதை இனி நம் கல்லூரிகளும் சங்கங்களும் எண்ணிப் பார்த்தல் தகும்.